முட்டுவலிக்கு அக்குபஞ்சர்: நம்மூரில் நடக்கிற தவறுகள்

குமரி மாவட்டத்தில் முட்டுவலி பேச்சு எழாத கல்யாண வீடு கிடையாது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தரையில் உட்கார்ந்தே இருபது வருஷம் வேலை பார்த்த பெண்கள், இருட்டோடு எழுந்து ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள், வள்ளம் தள்ளியவர்கள் என்று எல்லோருக்கும் வலி உண்டு. முன்பு தைலமும் நாட்டு வைத்திய ஆசானின் தடவலும்தான். இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அக்குபஞ்சர் போர்டுகளும் நிறையத் தென்படுகின்றன. உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்துகிற சீன வைத்தியம் அது, மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை. அக்குபஞ்சரே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. போகிற விதத்தில்தான் தப்பு நடக்கிறது.

முதல் தப்பு, எல்லா வலிக்கும் ‘வாதம்’ என்று ஒரே பெயர் வைப்பது. வயதாகி எலும்பு முனைக் குருத்து தேய்வது ஒன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறு. யூரிக் ஆசிட் ஏறி நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்குவது இன்னொன்று. சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் நீளும் வலியும் உண்டு. காலையில் எழுந்ததும் உள்ள விறைப்பு அரைமணி நேரத்துக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல்களும் சேர்ந்து வீங்கினால் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியிலோ வேறு ஆஸ்பத்திரியிலோ ஒரு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு ஊசிக்குப் போகலாம். காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் வீங்கிக் கொதித்தால் எந்த ஊசியும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தால் சில நாளில் மூட்டே போய்விடும்.

இரண்டாவதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) முடக்குவாதம். வாரம் ஒருநாள் மட்டும் விழுங்குகிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார். ஊசி போட்டவர், “இங்கிலீஷ் மருந்து நஞ்சும்மா, அதை நிறுத்தினாத்தான் நம்ம வைத்தியம் பிடிக்கும்” என்றார். மைனி நிறுத்தினார். முதல் மாதம் சுகமாகவே இருந்தது, வீடு முழுக்க ஊசியின் புகழ்தான். அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே வாரக்கணக்கில் ஆகும். நிறுத்தினாலும் பலன் மெதுவாகத்தான் வடியும். அது எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்றாம் மாதம் மைனி தேங்காய் துருவுவதைப் பார்த்தேன். மூடியை விரலால் பிடிக்க முடியாமல் மணிக்கட்டால் அழுத்திக்கொண்டிருந்தார். திரும்ப மாத்திரை தொடங்கி வலி அடங்கியது. வளைந்த மோதிர விரல் மட்டும் நிமிரவே இல்லை. ஊசி வலியைக் குறைக்கலாம், மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ அதை எழுதிய டாக்டரின் வேலை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? முட்டுத் தேய்மானம் உள்ள சுமார் 1,000 பேரை வைத்து ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அக்குபஞ்சர் புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு நல்ல பலன் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் பேருக்கு மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51 சதவீதம். ஊசியே இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 29. சுகம் கிடைத்தது பொய்யில்லை, ஆனால் ‘ரகசியப் புள்ளி’ என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். நிபுணர்களும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் தேய்மானத்துக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. இதெல்லாம் ஊசி குத்திய ஆய்வுகளை வைத்துச் சொன்னது. நம்மூரில் ஊசியே இல்லாமல் ஒற்றை விரலால் தொட்டு அனுப்புகிறார்களே, அதற்கு இந்தக் கணக்கைக் காட்டக்கூடாது.

ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒருமுறை குத்தியதைத் தூரப் போட வேண்டும். ‘உங்க பேரு எழுதித் தனியா வச்சிருக்கேன்’ என்று ஒரு டப்பாவைத் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமி பெயர் பார்த்து ஒட்டாது. வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர்காரர்கள் ஊசியில் கரண்ட் கொடுக்க விடவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் மூலிகைச் சூடு வைக்கச் சம்மதிக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது.

ஊசியோடு பெயரில்லாத பொடியோ கறுப்பு உருண்டையோ கொடுத்தால் வாங்க வேண்டாம். மூன்றே நாளில் வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிப் பல நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, பொடியையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

கொஞ்சம் சுகம் கண்டதும் பழையபடி பலகையில் சம்மணம் போட்டு உட்காருவது கடைசித் தப்பு. வலி குறைந்திருக்கும்போதுதான் தொடைத் தசையைப் பலப்படுத்த முடியும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துமுறை, தினமும். இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஆறு தடவை போயும் வீட்டுப் படி இறங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஏழாவதுக்குப் போக வேண்டியதில்லை.