பிரான்மலை, நார்த்தாமலை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்து பனி விலகியதும் காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் பலருக்கு மலையேறும் ஆசை வந்துவிடும். மேற்கே பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை. வடக்கே திருமயம் கோட்டை, அதைத் தாண்டிப் போனால் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கும் நார்த்தாமலை, சமணப் படுக்கைகள் உள்ள சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம். எதுவும் கொடைக்கானல் உயரம் இல்லை. அதனாலேயே கோயிலுக்குப் போகிற மாதிரி வெறுங்கையோடு புறப்பட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நேரம்தான். டிபன் முடித்துச் சாவகாசமாகக் கிளம்பி 10 மணிக்கு ஏறத் தொடங்கினால், இறங்கும்போது உச்சி வெயில். மாசிக் காற்று இதமாக இருப்பதால் உடம்பு காய்வது தெரியாது. காலடியில் இருப்பதோ மொட்டைப் பாறை. காலையிலிருந்து வாங்கிய சூட்டை நடுப்பகலில் அது திருப்பித் தரும். பங்குனியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். களைத்த கால் சறுக்குவதும் இறக்கத்தில்தான். விடியும்போது அடிவாரத்தில் இருங்கள், 10 மணிக்குள் இறங்கிவிடுங்கள். சரி, மாலையில் ஏறலாமே என்றால், பொழுது சாய்ந்தபின் பாறையில் தடம் தெரியாது.

சுனை இருக்கிறது என்று தண்ணீர் எடுக்காமல் போகாதீர்கள். வெயில் ஏற ஏறச் சுனை வற்றும், இருப்பதும் குடிக்க ஏற்றதாக இருக்காது. ஓரத்துப் பாசியில் கால் வைத்தால் உள்ளேதான். ஆளுக்கு 2 லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே உப்பு போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ இருக்கட்டும். யாருக்காவது தலை சுற்றிப் பேச்சு குழறினால் நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறுங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிடுவது இன்னொன்று. பக்தி புரிகிறது. ஆனால் திரும்பும்போது பாறை சுட, ஓட்டமாக இறங்கி விழுகிறார்கள். பிடிமானமுள்ள ஷூவோடு ஏறி, சன்னதி எல்லையில் கழற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேனீ. பறம்பு என்றாலே தேன்தான், மலைத்தேனீ பாறை முகப்பில் அடை கட்டும். அதன் கீழே கற்பூரம் கொளுத்துவது, சிகரெட் பிடிப்பது, கல் எறிவது, சென்ட் பூசிக்கொண்டு போவது எதுவும் வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அடையை விட்டு விலகி வேகமாகப் போங்கள். பலமுறை கொட்டினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்குத் தாமதிக்கக் கூடாது.

இடுக்கில் பார்க்காமல் கை விடாதீர்கள், சுருட்டை விரியன் கிடக்கலாம். கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாதையைச் சீர்செய்ய ஊர் இளைஞர்கள் முன்வருவது மனதுக்கு நிறைவான விஷயம். ஆனால் பாறையில் பெயிண்டால் அம்புக்குறி போடாதீர்கள். தேய்ந்த கல்வெட்டு கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருக்கலாம். மத்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இழைத்த சிமெண்ட் படி மழையில் வழுக்கும், இரும்புக் கைப்பிடி மதியம் தொட முடியாமல் சுடும். இவற்றுக்கெல்லாம் முன்னால் முள்ளை வெட்டுங்கள், தடத்தில் ஆடும் கற்களை ஒதுக்குங்கள். எத்தனை மணிக்குமேல் ஏறக் கூடாது, பக்கத்து மருத்துவமனை எங்கே என்று அடிவாரத்தில் ஒரு பலகை வையுங்கள்.