கல்லாவில் பணம் குறைந்து, பழி உங்கள் மேல் விழுந்தால்

இரவு கடை அடைக்கிற நேரம். கல்லாவை எண்ணினால் 4,800 ரூபாய் குறைகிறது. "கவுன்டர்ல நீதானம்மா இருந்தே? எடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போ, போலீஸெல்லாம் எதுக்கு?" என்கிறார் சூப்பர்வைசர். கடைசி பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் எழுதிக் கொடுத்துவிடத்தான் தோன்றும். இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

போலீஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. முதலாளிக்குக் கைப்பட எழுதிக் கொடுத்தது ஆகலாம். மிரட்டி வாங்கியது செல்லாதுதான், ஆனால் மூடிய அறைக்குள் மிரட்டியதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்? வெற்றுத்தாளில் போடும் கையெழுத்து இன்னும் மோசம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, மறுநாளே நடந்ததை எழுதி ஸ்பீடு போஸ்டில் முதலாளிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"என் கைக்காசைப் போட்டுடறேன், விடுங்க" என்பதும் அதே கதைதான். எடுத்ததால்தானே கட்டினாய் என்பார்கள். ரோஷப்பட்டு வேலைக்குப் போகாமல் நின்றாலும், மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டதாகப் பேச்சு வரும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் (1947), 41-வது பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்ப, முதலில் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்களே நின்றுவிட்டால் அந்த வேலை அவர்களுக்கு மிச்சம்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். கெடுவுக்குள் பதில் எழுதி, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். அன்றைய சிசிடிவி பதிவையும், ரிட்டர்ன் பில்களையும், ஜிபே கணக்கையும் அதிலேயே கேளுங்கள். ஜிபேயில் வந்த பணத்தை ரொக்கம் என்று பில் போட்டிருந்தாலே கல்லா உதைக்கும். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதலாளியைத் திட்டுவது வேண்டவே வேண்டாம்.

புகார் ஸ்டேஷனுக்கே போனாலும், வேலைக்காரர் திருடியதாகப் போடும் வழக்கில் உச்சபட்ச தண்டனை 7 ஆண்டு என்பதால், எடுத்ததும் கைது செய்தாக வேண்டும் என்பதில்லை. விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுப்பார்கள். பயந்துபோய் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகலாம். பெண்களைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் போடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம்.