டிவிடெண்ட் வந்தால் பங்கு விலை ஏன் இறங்குகிறது? பேனா எடுங்கள், கணக்குப் போடுவோம்

"மாமா, டிவிடெண்டுக்கு முந்தின நாள் ஷேரை வாங்கி மறுநாள் வித்துட்டா பணம் சும்மா கிடைக்கும்ல?" போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் கேட்டான். டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் பணம். புதிதாக டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு, தொடங்கிய எல்லோருக்கும் வரும் கேள்விதான். அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

1. சதவீதத்தை ரூபாயாக மாற்றுங்கள்

"500 சதவீதம் டிவிடெண்ட்" என்று செய்தி வந்தால் மலைக்க வேண்டாம். அது முகமதிப்பின் (கம்பெனி பங்குக்குக் குறித்து வைத்த அடிப்படை மதிப்பு) மேல் போடும் சதவீதம், சந்தை விலையின் மேல் அல்ல. முகமதிப்பு 2 ரூபாய் என்றால் பங்குக்கு 10 ரூபாய். அந்தப் பங்கு 1,000 ரூபாய்க்கு விற்கிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 1 சதவீதம், அவ்வளவுதான்.

2. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிவிடெண்ட் யார் யாருக்கு என்று கம்பெனி பட்டியல் எடுக்கும் நாள்தான் ரெக்கார்ட் தேதி, அன்று பங்கு உங்கள் டீமேட்டில் இருக்க வேண்டும். எந்த நாளிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாதோ, அது எக்ஸ் தேதி. இப்போதெல்லாம் வாங்கிய பங்கு அடுத்த வேலைநாளே வந்துவிடுவதால், எக்ஸ் தேதியும் ரெக்கார்ட் தேதியும் பெரும்பாலும் ஒரே நாள்தான். அது புதன்கிழமை என்றால் செவ்வாய்க்குள் வாங்கியிருக்க வேண்டும். புதனன்று வாங்கினால் டிவிடெண்ட் விற்றவருக்குத்தான் போகும்.

3. விலை இறங்குவதைப் பாருங்கள்

இதுதான் விஷயமே. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் விலைக்கு வருகிறது என்று வையுங்கள். டிசம்பரில் செடி முழுக்கப் பழம் சிவந்து நிற்கும்போது அதற்கு ஒரு விலை. பழத்தையெல்லாம் பறித்து விற்றுவிட்டு, மரத்தில் ஏறிய மிளகையும் இறக்கிக்கொண்டு, அதே தோட்டத்தைக் கொடுக்கிறேன் என்றால் அதே விலையை யார் தருவார்கள்? டிவிடெண்டும் கம்பெனியின் கையிலிருந்து வெளியே போகிற பணம். எக்ஸ் தேதி காலையில் வாங்க வருபவருக்கு அது கிடைக்காது, அதனால் அவர் அவ்வளவு குறைத்துத்தான் கேட்பார்.

500 ரூபாய் பங்கு 100 வாங்குகிறீர்கள், 50,000 ரூபாய். டிவிடெண்ட் பங்குக்கு 20 ரூபாய். மறுநாள் விலை 480க்கு வந்தால் பங்கின் மதிப்பு 48,000, வரப்போகும் டிவிடெண்ட் 2,000. மொத்தம் அதே 50,000.

"சரி, நஷ்டமும் இல்லையே மாமா" என்றான். இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டை நம் வருமானத்தோடு சேர்த்து வரி கட்டுகிறோம். 20 சதவீத வரி கட்டுபவர் என்றால் 400 ரூபாய் போயிற்று. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, அதில் 98 ரூபாய், புரோக்கர் கட்டணம் தனி. விலையில் இழந்த 2,000 ரூபாயை டிவிடெண்ட் வருமானத்தில் கழிக்கவும் முடியாது, வேறு பங்கு, நிலம் போன்றவற்றை விற்றதில் லாபம் (மூலதன ஆதாயம்) இருந்தால் அதில்தான் கழிக்கலாம்.

நிஜத்தில் விலை அளந்து வைத்த மாதிரி 20 ரூபாய் இறங்காது. அன்றைக்குச் சந்தையே ஏறினால் இறக்கம் மறைந்துபோகும். டிவிடெண்ட் அரை சதவீதம்தான் என்றால் கண்ணுக்கே தெரியாது.

4. மொத்த லாபத்தைக் கணக்கிடுங்கள்

விலையில் கூடியது, கைக்கு வந்த டிவிடெண்ட், இரண்டையும் கூட்டி வாங்கிய விலையால் வகுக்க வேண்டும். 500க்கு வாங்கியது ஓராண்டில் 530, டிவிடெண்ட் 20 என்றால் 50 ரூபாய், அதாவது 10 சதவீதம். டிவிடெண்டே தராமல் லாபத்தைத் தொழிலிலேயே போட்ட இன்னொரு கம்பெனியின் பங்கு 500லிருந்து 560க்குப் போயிருந்தால் 12 சதவீதம். டிவிடெண்ட் தராத கம்பெனி மோசம் என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும், டிவியில் ஓடும் நிஃப்டி 50 எண்ணிலும் விலை மட்டும்தான் இருக்கிறது, டிவிடெண்டையும் சேர்த்துப் பார்க்க நிஃப்டி 50 டிஆர்ஐ என்று தனிக் குறியீடு உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் அதோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று 2018இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்கியது.

5. அதிக யீல்டைப் பார்த்து மயங்காதீர்கள்

டிவிடெண்டை விலையால் வகுத்தால் யீல்ட். விலை சரிந்தாலும் யீல்ட் பெரிதாகத் தெரியும், ஆபத்து இதில்தான். சுரங்க, உலோகக் கம்பெனியான வேதாந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டு பாக்சைட் போய்ச்சேர்ந்த மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலை அந்தக் குழுமத்துடையது என்பதால் நம் பக்கம் தெரிந்த பெயர். 2022-23இல் பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 400 ரூபாயாக இருந்த பங்கு 2023 மார்ச் இறுதியில் சுமார் 275. அவ்வளவு டிவிடெண்ட் வாங்கியும், வரிக்கு முன்பே பங்குக்கு 23 ரூபாய் போல நஷ்டம்.

அக்கா மகனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவன் வாங்க நினைக்கும் கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கையில், ஒவ்வொரு வருடமும் பங்குக்கு எவ்வளவு லாபம், அதில் எவ்வளவு டிவிடெண்டாகக் கொடுத்தார்கள், அந்தப் பணம் தொழிலிலிருந்து வந்ததா கடன் வாங்கியதா என்று மூன்று பத்தியாக நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு எழுதி முடித்துவிட்டான்.