டிரைவ்-இன் ரேக்கில் பழைய சரக்கு சிக்கிக்கொண்ட கதை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் பிஸ்கட் சரக்கைப் பார்த்துக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்று டிரைவ்-இன் ரேக் போட்டோம், அதாவது நடுநடுவே வழி விடாமல் ஃபோர்க்லிஃப்ட்டே ரேக்குக்குள் நுழைந்து ஆறு பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் பலகைத் தட்டு) ஆழத்துக்கு அடுக்குவது. இடம் மிச்சமானது உண்மை, ஆனால் கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. காலியான முன்பக்கத்தில் புதுச் சரக்கைச் சொருகிக்கொண்டே இருந்தோம், ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தால் கடைசி பேலட்டில் தூசி அப்பிக் கிடக்கிறது, காலாவதிக்கு 11 நாள்தான் பாக்கி.

அப்புறம் ஒரு லேனுக்கு, அதாவது ஃபோர்க்லிஃப்ட் நுழையும் ஒரு வரிசைக்கு, ஒரே பேட்ச், அது முழுக்கக் காலியாகும்வரை புதிதாக எதையும் ஏற்றக் கூடாது என்று மாற்றினோம். லேன் வாசலில் சிலேட்டு தொங்கவிட்டு, தேதியைச் சாக்பீஸில் எழுதுகிறோம். ஒன்றிரண்டு பேலட்டாக வரும் சரக்கெல்லாம் பழைய சாதா ரேக்குக்கே. பாதி காலியான லேனைப் பார்த்தால் முதலாளிக்கு வயிறு எரிகிறது, என்ன செய்ய.