கச்சா எண்ணெய் இறங்கினால் பெட்ரோல் எவ்வளவு குறையணும்? நீங்களே கணக்குப் போடுங்கள்

கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்று செய்தி வரும், மறுநாள் பங்க்குக்குப் போனால் அதே விலைதான் இருக்கும். உண்மையில் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பதை செல்போன் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம். உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கும் பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் எத்தனை டாலர், டாலர் எத்தனை ரூபாய், இந்த இரண்டு தெரிந்தால் போதும்.

ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பீப்பாய்க்கு 1 டாலர் மாறினால் லிட்டருக்கு 53 பைசா, அதன்மேல் தமிழ்நாட்டு வாட் (மாநில விற்பனை வரி) 13 சதவீதம் சேர்ந்து 60 பைசா. இந்த 60 பைசாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 10 டாலர் இறங்கினால் 6 ரூபாய். ரூபாயின் மதிப்பையும் கவனியுங்கள், பீப்பாய் 80 டாலரிலேயே நின்றாலும் டாலர் 85-லிருந்து 88 ஆனால் வாட்டோடு சேர்த்து லிட்டருக்கு ஏறத்தாழ 1.70 ரூபாய் ஏறிவிடும்.

சரி, இப்போது பங்க் விலையைப் பிரித்துப் பார்ப்போம். 2022 மே முதல் 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் 102.63 ரூபாய். இங்கே வாட் இரண்டு பாகம், லிட்டருக்கு நிலையாக 11.52 ரூபாய், அதோடு 13 சதவீதம். முதலில் 11.52-ஐக் கழித்து, மீதியை 1.13-ஆல் வகுத்தால் 80.63 வரும், அதாவது மாநில வரி 22 ரூபாய். அதிலிருந்து அன்றைய மத்திய கலால் வரி 19.90 போனால் 60.73. டீலர் கமிஷன் 4 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, ஆக எண்ணெய் நிறுவனத்துக்கு 57 ரூபாயை ஒட்டித்தான் போகிறது. வரி மட்டும் ஏறத்தாழ 42 ரூபாய்! வாட்டின் சதவீதப் பாகத்தைத் தவிர இந்த வரி கச்சா எண்ணெயோடு சேர்ந்து இறங்குவதில்லை, அதனால்தான் பீப்பாய் 80-லிருந்து 60 டாலருக்கு விழுந்து கால்வாசி குறைந்தாலும் நமக்குக் குறைய வேண்டியது 12 ரூபாய்தான்.

அதுவும் தானாகக் குறையாது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலையைத் திருத்தும் முறை இருக்கிறது. ஆனாலும் 2022 ஜூனில் 120 டாலரைத் தாண்டிய பிரென்ட் அடுத்த ஜூனில் 75-ஐ ஒட்டி வந்தபோது, நம் கணக்கில் 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தும் பங்க் விலை அசையவில்லை. உச்சத்தில் நிறுவனங்கள் நட்டத்துக்கு விற்றன, பிறகு அதை ஈடுகட்டிக்கொண்டன என்பதை ஏற்றுக்கொள்ளலாம். 2020-இல் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொரோனாவில் எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது, மே மாதம் கலால் வரியை 10 ரூபாய் கூட்டினார்கள், ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சேர வேண்டிய பணம் அப்படியே கஜானாவுக்குப் போனது.

அதனால் எண்ணெய் சரிகிறது என்ற செய்தியை நம்பி டேங்க் நிரப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். மாதம் ஒரு தடவை பிரென்ட், டாலர் இரண்டையும் குறித்து வையுங்கள். 60 பைசா கணக்குப்படி குறைந்திருக்க வேண்டும், பங்க்கில் குறையவில்லை என்றால் முதலில் கலால் வரி ஏறியதா என்று பாருங்கள், 2025 ஏப்ரலில் அப்படித்தான் பங்க் விலை மாறாமலேயே 2 ரூபாய் ஏறியது. தினம் 10 லிட்டர் போடுகிற டாக்ஸிக்காரருக்கு அது மாதம் 600 ரூபாய்.