கில்ட்ஃபோர்டைச் சுற்றி நடக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, ஆற்றிலிருந்து ஆரம்பித்து

கில்ட்ஃபோர்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேர்ந்தவர்களில் நிறைய பேர் சனி, ஞாயிறு என்றால் லண்டனுக்கு ரயில் ஏறுகிறார்கள், இல்லையென்றால் கார் வைத்திருக்கும் நண்பர் யாராவது கூப்பிடுவாரா என்று காத்திருக்கிறார்கள். உண்மையில் லண்டன்காரர்கள்தான் வாட்டர்லூவில் ரயில் ஏறி, முக்கால் மணி நேரத்துக்குள் இங்கே வந்து நடந்துவிட்டுப் போகிறார்கள். ஊரின் நடுவே வே நதி ஓடுகிறது, தெருமுனையிலேயே சுண்ணாம்புக் குன்று ஏறுகிறது, இரண்டுக்கும் கார் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். எங்கே ஆரம்பிப்பது, எதைப் பார்த்துப் போவது என்று தெரியாததுதான் சிக்கல். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அம்புக்குறியைப் படிக்கப் பழகுங்கள்

புதிதாக வருகிறவர்களை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் தயக்கம்தான். எதிரே வேலி போட்ட வயல், உள்ளே மாடுகள், அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீடு, இதற்குள் நாம் நுழையலாமா, சொந்தக்காரர் சத்தம் போட்டால் என்ன செய்வது? வேலியோரத்தில் 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று எழுதிய மரக்கம்பம் நின்றால் தாராளமாக நுழையலாம். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. யாரும் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த வழி இல்லை அது. 1949-இல் வந்த சட்டத்தின்படி இந்தப் பாதைகளையெல்லாம் அந்தந்தக் கவுன்சில் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கிறது. வயலுக்கு நடுவே பாதை போனால், பயிர் வளர்ந்திருந்தாலும் அதைத் திறந்து வைப்பது விவசாயியின் கடமை. இந்த ஊரில் எத்தனை வருடம் இருக்கிறோம், எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை, நடந்து போகிற எவருக்கும் இது பொருந்தும். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கம்பங்களிலும் கேட்டுகளிலும் சின்ன வட்டத்தில் அம்பு போட்டிருப்பார்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு பிரைடில்வே, அதில் குதிரையும் சைக்கிளும் வரும், ஓரமாக நின்று வழிவிடுங்கள். ஓக் மரத்துக் கொட்டையின் படம் இருந்தால் அது தேசிய நெடும்பாதைகளில் ஒன்று, இங்கே பெரும்பாலும் ஃபார்னமிலிருந்து டோவர் வரை போகும் நார்த் டவுன்ஸ் வே. வழியில் கேட் வந்தால், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்து வைத்திருந்ததை அப்படியே விட வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கலாம்.

என்ன போட்டுக்கொள்வது

கடைக்காரர்கள் சொல்கிற அளவுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. பிடிமானமுள்ள ஷூ ஒன்று, மழை தாங்கும் ஜாக்கெட் ஒன்று, போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் காயாது. தண்ணீர், சாப்பிட ஏதாவது, முழு சார்ஜில் போன். வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது எவ்வளவோ நல்லது, ஏனென்றால் பாதைகளில் பாதிக்கு மேல் கடையே கிடையாது.

இதற்கு முன்பு தொடர்ந்து நடந்தே பழக்கமில்லை என்றால் ஒரு மாலை ஸ்டோக் பார்க்கில் ஒரு மணி நேரம் சுற்றி வாருங்கள். லண்டன் ரோடு ஸ்டேஷனிலிருந்து பக்கம், சமதளம், விரிந்த புல்வெளி, பெரிய மரங்கள். புது ஷூ காலைக் கடிக்கிறதா என்று பார்க்க வேறு நல்ல இடம் இல்லை.

முதல் நடை: ஆற்றங்கரையில் கோடால்மிங் வரை

ஆற்றோடு தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறு இருக்கும் வரை வழி தவறாது. ஏற்றமும் கிடையாது. கில்ட்ஃபோர்டிலிருந்து தெற்கே கோடால்மிங் சுமார் 7 கிலோமீட்டர், நின்று நின்று போனாலும் இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம், திரும்புவதற்கு ரயில்.

மெயின் ஸ்டேஷனிலிருந்து ஆறு சில நிமிட நடைதான். கரைக்கு வந்ததும் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து, அதாவது நீரோட்டத்துக்கு எதிராக நடக்க ஆரம்பியுங்கள். மில்மீட் லாக்கை (லாக் என்றால் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அமைப்பு) தாண்டியதும் ஊர்ச் சத்தம் குறைந்து இரண்டு பக்கமும் புல்வெளி விரியும். காலுக்குக் கீழே இருப்பது டோபாத், முன்பு குதிரைகள் சரக்குப் படகுகளைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு நடந்த வழி. தேம்ஸிலிருந்து கில்ட்ஃபோர்டு வரை இந்த ஆற்றில் படகு வர லாக்குகள் கட்டித் திறந்தது 1653-இல், அங்கிருந்து கோடால்மிங் வரை நீட்டியது 1764-இல். இப்போது இரண்டு பகுதியும் பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கின்றன. லாக்கில் படகு ஏதாவது நுழைவதைப் பார்த்தால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முன்னும் பின்னும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பி, படகை அடுத்த மட்டத்துக்குத் தூக்குவதை மோட்டார் எதுவும் இல்லாமல் கை பலத்தில் செய்கிறார்கள், குழந்தைகள் கூட வந்தால் இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் மஞ்சள் மணல் சரிவாக ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு மேடு வரும். மேலே 14-ஆம் நூற்றாண்டு செயின்ட் கேதரின்ஸ் சிற்றாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. ஏறிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், அங்கிருந்து ஆற்றின் வளைவு முழுக்கத் தெரியும். கீழே நார்த் டவுன்ஸ் வே ஒரு நடைபாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. அந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது நடையில் திரும்பி வருவது அந்த வழியாகத்தான்.

அப்புறம் அதே கரைதான், ஷால்ஃபோர்டு, அன்ஸ்டெட், காட்டஷால் என்று ஊரும் லாக்குகளும் வந்துகொண்டே இருக்கும். பாதியில் கால் வலித்தால் ஷால்ஃபோர்டில் ஒரு ஸ்டேஷன், கோடால்மிங்குக்குச் சற்று முன்னால் ஃபார்ன்கோமில் ஒரு ஸ்டேஷன். முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லாத நடை இது.

கோடால்மிங் சேர்ந்ததும் நேராக ரயிலுக்கு ஓடாதீர்கள். ஆற்றுப் பக்கம், சர்ச்சுக்கு அருகே நடைகூடம் வைத்துக் கட்டிய ஒரு தோட்டம் இருக்கிறது. டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது கடைசி வரை உதவி கேட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டே இருந்து இறந்துபோன ஜாக் ஃபிலிப்ஸ் இந்த ஊரை ஒட்டிய ஃபார்ன்கோமில் பிறந்தவர், அவர் நினைவாக 1914-இல் திறந்தது. இறந்தபோது அவருக்கு வயது 25. டிபனைப் பிரித்து உட்கார இங்கே பெஞ்சுகள் உண்டு. பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்த முதல் ஊரும் இதே கோடால்மிங்தான், 1881-இல், நீங்கள் கூடவே நடந்து வந்த இந்த ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றித்தான் அந்த வேலை ஆரம்பமானது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பலத்த மழை பெய்த அடுத்த சில நாட்களில் இந்தப் பக்கம் வராதீர்கள். வே நதி புல்வெளிகளில் ஏறிவிடும், பாதை எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. கிளம்பும் முன் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

மேப்

குன்றுக்குப் போகும் முன் இது வேண்டும். இந்த நாட்டின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 145-ஆம் எண், ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. அதாவது மேப்பில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். கட்டங்களும் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர்தான், விரலை வைத்தே தூரத்தைக் கணக்குப் போடலாம். பச்சைக் கோடுகளைத்தான் தேட வேண்டும்: குட்டைக் கோடுகள் ஃபுட்பாத், நீளக் கோடுகள் பிரைடில்வே. கறுப்புக் கோட்டில் மட்டும் ஒரு பாதை தெரிந்தால் தரையில் பாதை இருக்கிறது என்றுதான் அர்த்தம், நடக்க உரிமை உண்டு என்று அர்த்தமில்லை. புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். அடுத்தது பழுப்பு நிறத்தில் வளைந்து போகும் உயரக் கோடுகள், அவை நெருங்கி நெருங்கி இருந்தால் மூச்சு வாங்கப் போகிறது.

நேரம் கணக்கிட, மணிக்கு 4 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூட 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஆப் இருந்தாலும் காகித மேப் பையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

இரண்டாவது நடை: பியூலி டவுன், செயின்ட் மார்த்தாஸ், திரும்ப ஆறு

ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வட்டம், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஹை ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே, கோட்டைப் பூங்காவுக்கு மேல் பக்கம் பியூலி ஹில் சாலை ஏறுகிறது. வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறுவதால் இது எங்கே போய் முடியும் என்று தோன்றும், சாலை தீர்ந்த இடத்தில் சட்டென்று வானமும் புல்லும்தான். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1920-இல் ஊருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் இது. ஜூன், ஜூலையில் வந்தால் புல்லுக்குள் ஆர்கிட் பூக்களும் சின்னச் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கும், பாதையை விட்டு விலகாமல் குனிந்து பாருங்கள்.

கிழக்கே இறங்கி ஹாஃப்பென்னி லேன் பக்கம் போனால் ஓக் கொட்டை அடையாளம் கிடைக்கும், பிறகு அதைப் பிடித்துக்கொண்டு செயின்ட் மார்த்தாஸ் குன்றில் ஏறலாம். இங்கே காலடியைக் கவனியுங்கள். பியூலி டவுனில் வெள்ளைச் சுண்ணாம்பு, இங்கே ஷூ புதையும் மஞ்சள் மணல். சில நிமிட நடைக்குள் மண்ணே வேறாகிவிட்டது, அதனால் மரங்களும் வேறு. மழைக்குப் பிறகு சுண்ணாம்பு வழுக்கும், மணல் சீக்கிரம் காயும், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு விஷயமே போதும்.

உச்சி 175 மீட்டர். அங்கே ஒரு சர்ச் மட்டும், பக்கத்தில் வீடோ தார்ச்சாலையோ கிடையாது. இப்போது நிற்கும் கட்டடம் 1850 வாக்கில் திரும்பக் கட்டியது. தெற்கே காடும் வயலுமாக அடிவானம் வரை விரிந்து கிடக்கும். கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், வெளியே புல் இருக்கிறது.

வந்த வழியே இறங்கி ஓக் கொட்டையை மேற்கு நோக்கித் தொடருங்கள். சாண்ட்ரீஸ் காட்டின் ஓரமாகப் போகும், மே மாதத் தொடக்கம் என்றால் உள்ளே தரையெல்லாம் நீல மணிப் பூக்கள். கடைசியில் ஷால்ஃபோர்டு சாலையைப் பார்த்துக் கடந்தால் முதல் நடையில் பார்த்த அந்த நடைபாலத்துக்கு வந்து சேருவீர்கள். ஆற்றங்கரையில் வலது பக்கம் திரும்பினால் ஊர்.

இன்னும் சில

கன்றோடு மாடுகள் நிற்கும் வயலில் நடுவே போகாதீர்கள். தள்ளி, ஓரமாக, நிதானமாகக் கடந்து போங்கள், ஓட வேண்டாம். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், குளிர்காலத்தில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கோடையில் உயரமான புல்லில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அதனால் லைம் நோய் வரலாம். எதிரே வருகிறவர்கள் 'மார்னிங்' என்பார்கள், நீங்களும் சொல்லுங்கள், வழி கேட்கவும் தயங்க வேண்டாம்.

இரண்டு நடையும் பழகிவிட்டால் அடுத்தது செயின்ட் மார்த்தாஸில் திரும்பாமல் நேராக நியூலண்ட்ஸ் கார்னர் போவது. அங்கே டீ கிடைக்கும், அங்கிருந்து மேப்பைப் பார்த்து ஷியர் கிராமம் வழியாக காம்ஷால் ஸ்டேஷன் வரை இறங்கலாம். காம்ஷாலில் எல்லா ரயிலும் நிற்பதில்லை, திரும்பும் ரயிலின் நேரத்தை வீட்டிலேயே பார்த்து, அதற்கேற்ற மாதிரி கிளம்புங்கள்.