டென் மேங்கோவா, டென் மேங்கோஸா? ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் பெயரடையும்

எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வாசிக்க வரும், நாலு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் மட்டும் கை நின்றுவிடும் என்பவர்களுக்கான பாடம் இது. பெயர்ச்சொல் எது, பெயரடை எது என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்தாயிற்று, அதற்குள் போகவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் தடுக்கி விழும் இடங்களை மட்டும் பார்ப்போம். அந்தப் பிழைகளில் பாதி, தமிழில் நாம் சரியாகப் பேசும் பழக்கத்திலிருந்துதான் வருகின்றன.

கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று போதும். அகராதி மட்டும் ஆங்கில–ஆங்கில அகராதியாக, புதிதாகக் கற்பவர்களுக்கென்றே வருவதாக இருக்கட்டும். அதில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' அல்லது 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணலாம், யூ என்றால் எண்ணக்கூடாது. இந்தக் குறிப்பு ஆங்கில–தமிழ் அகராதிகளில் பெரும்பாலும் கிடைக்காது. மொழிபெயர்ப்புச் செயலியை இந்தப் பாடம் முடியும்வரை தொடவே வேண்டாம். அது விடையைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது.

படி 1: எண்ண முடியுமா?

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் எண்ணக்கூடியவை: மேங்கோ, பஸ், கொலுசைக் குறிக்கும் ஆங்க்லெட், எஸ்டேட். வலப்பக்கம் எண்ண முடியாதவை: ஸ்டீல், ரைஸ், பெப்பர், ஜவ்வரிசியைக் குறிக்கும் சேகோ. வலப்பக்கச் சொற்களுக்கு முன்னால் 'எ' வராது, பின்னால் 'எஸ்' வராது. இரண்டு கிலோ ஜவ்வரிசி வேண்டுமென்றால் 'டூ கிலோஸ் ஆஃப் சேகோ'. எஸ் கிலோவுக்குத்தான், சேகோவுக்கு இல்லை.

ஏமாற்றும் சொற்கள் ஐந்து: லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஹோம்வொர்க். பஸ் ஸ்டாண்டில் 'ரெண்டு லக்கேஜ் இருக்கு' என்பது தமிழுக்குச் சரி. ஆங்கிலத்தில் 'டூ பேக்ஸ்' என்றோ 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்' என்றோதான் சொல்ல வேண்டும். எத்தனை பை இருந்தாலும் 'த லக்கேஜ் இஸ் ஹெவி', ஆர் இல்லை.

படி 2: எ, ஆன்

சொல் உயிரொலியில் தொடங்கினால் ஆன், மெய்யொலியில் தொடங்கினால் எ. கணக்கு ஒலிக்குத்தான், எழுத்துக்கு இல்லை. சேலத்தில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் 'எ யூனிவர்சிட்டி'. ஆங்கில எழுத்து உயிரெழுத்தாக இருந்தாலும் வாயில் வருவது யகரம். மணிநேரத்துக்கு 'ஆன் அவர்'. அதில் எச் எழுத்து இருக்கும், ஒலிக்காது.

படி 3: எண்ணுக்குப் பின்னால் எஸ்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கடைவீதியில் 'பத்து மல்கோவா கொடுங்க' என்று கேட்டால் தமிழில் குறையே இல்லை. அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி நமக்குக் கட்டாயம் கிடையாது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டிலும் மாடு மாடுதான். இதற்கு நம் இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே பெயர் உண்டு. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் 'டென் மேங்கோ' என்று வரும். அது பிழை. பத்து என்று முன்னாலேயே சொல்லிவிட்டாலும் ஆங்கிலம் எஸ் கேட்கும்: 'டென் மேங்கோஸ்'. சில சொற்களுக்கு உள்ளேயே மாறும்: ஒன் ஃபுட், டூ ஃபீட்.

இதைப் பழகியதும் எதிர்ப்பக்கம் ஒரு பள்ளம் வரும். எல்லா எண்ணுக்குப் பின்னாலும் எஸ் போட ஆரம்பித்து, 'எ டென் ருப்பீஸ் நோட்' என்று எழுதுவார்கள். இங்கே எஸ் கூடாது, 'எ டென்-ருப்பி நோட்'. காரணம் இதுதான்: இந்த இடத்தில் ருப்பி பெயர்ச்சொல்லாக நிற்கவில்லை, எப்படிப்பட்ட நோட்டு என்று சொல்லும் பெயரடையாகிவிட்டது. ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பன்மை கிடையாது.

சோதிக்கும் வழி எளிது. எண்ணுக்கு அடுத்த சொல்லோடு பேச்சு முடிகிறதா, இல்லை அதன் பின்னால் இன்னொரு பெயர்ச்சொல் தொங்குகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எஸ். தொங்கினால் நடுச்சொல்லில் எஸ்ஸை எடுத்துவிட்டு, எண்ணுக்கும் அதற்கும் நடுவே சிறு கோடு போடுங்கள். மேட்டூர் அணைச் செய்தியில் இரண்டையும் பார்க்கலாம். 'த வாட்டர் லெவல் இஸ் 120 ஃபீட்'. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது என்னும்போது 'த 120-ஃபுட் மார்க்'. முன்னதில் ஃபீட், பின்னதில் ஃபுட்.

ஐந்து கிலோ பெட்டி இரண்டு? 'டூ ஃபைவ்-கிலோ பாக்ஸஸ்'. பன்மை கடைசிச் சொல்லில் மட்டும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்: '20 ஹேர்பின் பெண்ட்ஸ்'. ஹேர்பின்னுக்கு எஸ் இல்லாததன் காரணமும் இதேதான். இங்கே 20 எண்ணுவது வளைவுகளை, ஹேர்பின்னை இல்லை, அதனால் சிறு கோடு வேண்டாம்.

படி 4: ஆன, ஆக, லி

'அழகான கொலுசு' எல்லோருக்கும் சரியாக வரும்: 'எ பியூட்டிஃபுல் ஆங்க்லெட்'. 'கொலுசு அழகாக இருக்கிறது' என்பதில்தான் சிக்கல். 'ஆக' வந்தால் ஆங்கிலத்தில் 'லி' என்று மனப்பாடம் செய்தவர்கள் 'பியூட்டிஃபுலி' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஆக'வுக்குப் பின்னால் வரும் வினையைப் பாருங்கள். இருக்கிறது வந்தால் லி இல்லை: 'த ஆங்க்லெட் இஸ் பியூட்டிஃபுல்'. பாடினாள், ஓடினாள் போல ஒரு செயல் வந்தால் லி: 'ஷி சேங் பியூட்டிஃபுலி'. லுக், ஸ்மெல், டேஸ்ட் ஆகியவை தன்மையைச் சொல்லும்போது இஸ் போலவே நடக்கும். காபிப் பூ இனிமையாக மணக்கிறது என்பது 'காபி ப்ளாசம்ஸ் ஸ்மெல் ஸ்வீட்'. ஸ்வீட்லி இல்லை.

தமிழில் வினையாக இருப்பவை ஆங்கிலத்தில் பெயரடையாக மாறுவதையும் கவனியுங்கள். பழம் இனிக்கிறது: 'த மேங்கோ இஸ் ஸ்வீட்'. எனக்குக் குளிருது: 'ஐ ஆம் கோல்ட்'. பசிக்குது: 'ஐ ஆம் ஹங்ரி'. தமிழில் 'இரு' தேவைப்படாததால் இஸ், ஆம் விடுபட்டு 'ஏற்காடு வெரி கோல்ட்' என்று நிற்கும். எனக்குப் போர் அடிக்குது என்றால் 'ஐ ஆம் போர்ட்'. 'ஐ ஆம் போரிங்' என்றால் மற்றவர்களுக்கு நீங்கள் சலிப்பூட்டுகிறீர்கள் என்று பொருள்.

படி 5: வரிசையும் ஒப்பீடும்

பெயரடைகளின் வரிசைக்குத் தனி அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தொடக்கத்தில் அது தேவையில்லை. 'அழகான புது வெள்ளிக் கொலுசு' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதே வரிசைதான்: 'எ பியூட்டிஃபுல் நியூ சில்வர் ஆங்க்லெட்'. 'வெள்ளிப் புது அழகான கொலுசு' நம் காதுக்கே உறுத்தும்.

ஒப்பீட்டில் ஒன்றை மட்டும் விலக்குங்கள்: 'மோர் கூலர்'. கூலரில் மோர் ஏற்கெனவே இருக்கிறது. 'ஏற்காட் இஸ் கூலர் தேன் சேலம்' போதும்.

பின்சேர்க்கை

படி 2-ஐத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வருகிறது. ஏற்காடு உயிரெழுத்தில்தானே தொடங்குகிறது, அப்படியானால் ஆன்தானே? இல்லை. சொல் முதலில் வரும் எ, ஏ இரண்டையும் பேச்சில் லேசான யகரத்தோடுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர் 'ஒய்' எழுத்தில் தொடங்குவதும் அந்த ஒலியோடுதான் பொருந்துகிறது. ஆகவே 'எ ஏற்காட் எஸ்டேட்'. எஸ்டேட் மட்டும் தனியாக வந்தால் 'ஆன் எஸ்டேட்'. முட்டையை யெக் என்று சொல்லும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், எக் என்று நேரே சொன்னால் ஆன் தானாக வரும். ஒன்-வே தமிழில் ஒகரமாக எழுதப்பட்டாலும் ஆங்கிலத்தில் வகர ஒலி, அதனால் 'எ ஒன்-வே ரோட்'.

இன்னொன்று, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. இதற்குத் தமிழே வழிகாட்டும். 'என் நண்பர்களில் ஒருவர்' என்று பன்மையில்தானே சொல்கிறோம்? 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. அதற்குப் பின்னால் வரும் வினை மட்டும் ஒருமை: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் சேலம்'.